கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஒரு 'நாடு' பாடம்!

ஒரு சின்னக் கேள்வி. ஒரு நாடுன்னா என்ன?

பொலிட்டிகல் சயின்ஸ் ஆளா இருந்தா டக்குன்னு நாலு பாயின்ட் எடுத்து விடுவீங்க. நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, ஒரு அரசாங்கம், மற்ற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன். 1933-ல் உருகுவேயின் மான்டிவிடியோ நகரில் போட்ட ஒப்பந்தம் சொல்லும் இலக்கணம் இது. முதல் மூன்றும் இருந்து, நாலாவது மட்டும் இல்லாமல் போனால்? அந்த நாட்டுக்கு எதிர்காலம் உண்டா? அங்கே பிறந்தவர்களுக்கு?

பதிலைத் தேடி நியூயார்க் ஐ.நா. சபைக்கெல்லாம் போக வேண்டாம். சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் இருக்கில்ல, அங்கே போய் கும்மிடிப்பூண்டிக்கு ஒரு டிக்கெட் எடுங்க. சுமார் 48 கிலோமீட்டர்தான்.

ஜன்னல் சீட் பிடிங்க!

வட சென்னையைத் தாண்டும்வரை கூட்டம் நெருக்கும். திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர் என்று நகர நகர கடல் காற்றோடு கெமிக்கல் வாசனையும் உள்ளே வரும். அத்திப்பட்டு நெருங்கும்போது அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வானத்தில் கோடு போட்டுக்கொண்டிருக்கும். மீஞ்சூர் தாண்டினால் சீன் மாறும். பொன்னேரி பக்கம் வயலும் ஏரியுமாகப் பச்சை. கவரைப்பேட்டை. அதற்கு அடுத்து கும்மிடிப்பூண்டி. இன்னும் கொஞ்சம் போனால் ஆந்திரா.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து ஷேர் ஆட்டோவில் 'சிப்காட்' என்றால் போதும். 1971-ல் தொடங்கிய சிப்காட் நிறுவனம் தமிழ்நாடு முழுக்க உருவாக்கிய தொழிற்பேட்டைகளில் பழைய தலைமுறையைச் சேர்ந்தது இது. நீங்க கட்டுற வீட்டுக்குள்ளே போகும் இரும்புக் கம்பி இந்த ஊர் ஆலை ஒன்றில் உருண்டு வந்ததாக இருக்கலாம். ஷிப்ட் முடியும் நேரத்தில் டீக்கடை வாசலில் நின்று பாருங்க. தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா, போஜ்புரி... ஐந்து மொழியில் 'ஒரு டீ' கேட்கும். இதே தாலுகாவில் தேர்வாய்கண்டிகை சிப்காட்டில் பிரான்ஸ் நாட்டு மிஷலின் டயர் ஆலை. பொன்னேரி பக்கம் ஜப்பான் கம்பெனிகள். பிரான்ஸ் முதலீடு, ஜப்பான் முதலீடு, பீகார் உழைப்பு, எல்லாவற்றுக்கும் இங்கே கேட் திறந்திருக்கிறது.

இதே கும்மிடிப்பூண்டியில் இன்னொரு குடியிருப்பும் இருக்கு. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். 1990-ல் ஈழத்தில் போர் மறுபடி வெடித்தபோது படகேறி வந்த அலையில் உருவானது. தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் இதுவும் ஒன்று. புழலிலும் ஒரு முகாம் உண்டு.

கேமராவைத் தூக்கிக்கிட்டு உள்ளே போயிடலாம்னு நினைக்காதீங்க. வெளியாட்கள் நுழைய அனுமதி வாங்கணும். அது போகட்டும், அது நம்மைப் போல ஆட்கள் குடும்பத்தோடு வாழும் இடம், வேடிக்கை பார்க்கும் இடம் இல்லை. முகாமின் ஆண்கள் பலருக்கு பெயின்டிங் தொழில். சென்னையில் பளபளன்னு எழும்பும் அபார்ட்மென்ட் சுவர்களுக்கு வண்ணம் அடிப்பவர்களில் இவர்களும் உண்டு. ஆனா பாருங்க, சுவரெல்லாம் அடிச்சு முடிச்ச பிறகு சாயங்காலம் முகாமுக்குத் திரும்பியாகணும். ஆள் கணக்கெடுப்பு நாளில் எங்கே வேலை இருந்தாலும் விட்டுட்டு வந்து நிற்கணும்.

கிளிநொச்சி மணி என்ன?

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். இவர்கள் விட்டு வந்த மண்ணில், வன்னிப் பகுதியில், சில வருஷங்கள் ஒரு நாடு மாதிரியே ஒன்று நடந்தது.

2002 பிப்ரவரி 22. இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் நார்வே முன்னிலையில் போர்நிறுத்த ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கிளிநொச்சி கிட்டத்தட்ட ஒரு தலைநகரம் ஆனது. தனிக் காவல்துறை, தனி நீதிமன்றங்கள், 'தமிழீழ வைப்பகம்' என்று ஒரு வங்கி. ஏ-9 நெடுஞ்சாலையில் ஓமந்தையிலும் முகமாலையிலும் எல்லைச் சாவடி மாதிரி சோதனை நிலையங்கள். சரக்கு கொண்டுபோனால் சுங்கவரி. வெளிநாட்டுத் தூதர்களும் அமைதிப் பேச்சுக்காரர்களும் வந்து போனார்கள்.

இதில் ஒரு சுவாரஸ்யம். 1996-ல் இலங்கை அரசு தன் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்தது. புலிகள் தங்கள் பகுதியில் அதை ஏற்கவில்லை. ஆக, பல வருஷம் கொழும்புக்கும் கிளிநொச்சிக்கும் அரை மணி நேர வித்தியாசம்! கிளிநொச்சி மணியும் கும்மிடிப்பூண்டி மணியும் மட்டும் ஒன்றாகவே ஓடின. 2006 ஏப்ரலில் கொழும்பு பழைய நேரத்துக்கே திரும்பிய பிறகுதான் தீவு முழுக்க ஒரே மணி.

கடிகாரம் தனி, போலீஸ் தனி. ஆனா பர்ஸ்? அங்கேதான் மேட்டரே இருக்கு.

புழங்கியது இலங்கை ரூபாய்தான். பள்ளி ஆசிரியர்களுக்கும் ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கும் சம்பளம் கொழும்பு அரசிடமிருந்து வந்தது. பிள்ளைகள் எழுதிய ஓ லெவல், ஏ லெவல் பரீட்சைகள் இலங்கைப் பரீட்சைத் திணைக்களம் நடத்தியவை. அரசாங்க அதிபரின் கச்சேரியும் வேலை செய்தது. அதாவது, எந்த அரசோடு சண்டையோ அந்த அரசின் சம்பளத்தில்தான் பள்ளிக்கூட மணி அடித்தது. மிச்சத்துக்கு வரியும், கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருந்த உறவுகள் அனுப்பிய பணமும். ஏ-9 ரோடு திறந்திருந்தால் மூச்சு, மூடினால் மூச்சுத் திணறல். 2006 ஆகஸ்ட்டில் அந்த ரோடு மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் அரிசியும் சர்க்கரையும் என்ன விலைக்குப் போயின என்று அங்கே இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அரசியல் பக்கம் இன்னும் சிக்கல். 2003 அக்டோபர் 31-ல் புலிகள் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கான திட்டத்தை வைத்தார்கள். வரி வசூல், நிர்வாகம், மறுகட்டுமானம் எல்லாம் அதில் இருந்தது. சில நாட்களிலேயே அதிபர் சந்திரிகா மூன்று அமைச்சகங்களைத் தன் கைக்குள் எடுத்துக்கொள்ள, பேச்சு முடங்கியது. 2004 மார்ச்சில் கிழக்கில் கருணா பிரிந்தார். 2004 டிசம்பரில் சுனாமி. நிவாரணத்தைச் சேர்ந்து நிர்வகிக்க 2005-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தையும் உச்ச நீதிமன்றம் பாதியில் நிறுத்தியது. 2008 ஜனவரியில் போர்நிறுத்தம் முறைப்படி முடிந்தது. 2009 ஜனவரி 2-ல் கிளிநொச்சி வீழ்ந்தது. அந்த ஆண்டு மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. பல்லாயிரக்கணக்கான பொதுமக்களின் உயிரோடு சேர்த்து.

உள்ளேயும் ஓட்டைகள் இருந்தன, அதையும் மறைக்காமல் சொல்லணும். அங்கே தேர்தல் கிடையாது. எதிர்க்கட்சி கிடையாது. சிறுவர்களைப் படையில் சேர்த்ததை யுனிசெஃப் பதிவு செய்தது. 1990 அக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் பல்லாயிரம் பேர் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். இந்தியா 1992-லேயே தடை விதித்தது. 2006-ல் ஐரோப்பிய யூனியனும் தடைப் பட்டியலில் சேர்த்தது. நாலாவது பாயின்ட் அதோடு காலி.

முகாமில் இருக்கும் எல்லோரும் அந்த ஆட்சியை ஆதரித்தவர்கள் என்றும் நினைச்சுடாதீங்க. பலர் கிளிநொச்சி 'தலைநகரம்' ஆவதற்கு வெகு முன்பே வந்துவிட்டவர்கள். ராணுவத்துக்குப் பயந்து வந்தவர்கள் உண்டு, பிள்ளையை இயக்கத்தில் சேர்த்துவிடுவார்களோ என்று பயந்து வந்தவர்களும் உண்டு. மலையகத் தோட்டத் தொழிலாளர் வழி வந்தவர்களும் உண்டு. அவர்களின் தாத்தா பாட்டி தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள்!

அதே நாலாவது பாயின்ட், வேற ரிசல்ட்!

கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பி, மாவட்டத்தின் இன்னொரு ஓரமான பூந்தமல்லிக்கு வாங்க. விடியற்காலையில் ரோட்டோரம் கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் கூட்டம் கூட்டமா நிற்பாங்க. பஸ் போவது ஸ்ரீபெரும்புதூர் பக்கம். அங்கே ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான், தைவான் கம்பெனி.

தைவானை இந்தியா நாடாக அங்கீகரிக்கவில்லை. அமெரிக்கா இல்லை, ஜப்பான் இல்லை. 1971-ல் ஐ.நா. சபையின் சீன நாற்காலி பெய்ஜிங்குக்குப் போனது. 2024 ஜனவரியில் நவ்ரு என்ற குட்டித் தீவும் விலகியபோது, தைவானை அங்கீகரிக்கும் நாடுகள் 12-ஆகச் சுருங்கின. ஒலிம்பிக்ஸில் அவர்கள் பெயர் 'சைனீஸ் தைப்பே'. சென்னையில் தூதரகம் கிடையாது. 2012-ல் திறந்த 'தைப்பே பொருளாதார, கலாசார மையம்'தான் உண்டு. பெயர்ப்பலகைதான் மையம், வேலையெல்லாம் தூதரக வேலை!

பரப்பில் தமிழ்நாட்டில் கால்வாசியைவிடச் சற்றே பெரிது. மக்கள் சுமார் 2.3 கோடி. நாற்காலி போனாலும் எப்படித் தாக்குப்பிடிச்சாங்க? முதலில் நிலச் சீர்திருத்தம். 1953-ல் உழுபவனுக்கே நிலம் என்று சட்டம். 1966-ல் காவோசியுங் துறைமுகத்தில் ஏற்றுமதிக்கென்றே ஒரு தொழில் மண்டலம். அதாவது, நம்ம சிப்காட்டுக்கு ஒரு சீனியர். 1980-ல் சிஞ்சு அறிவியல் பூங்கா. 1987-ல் டி.எஸ்.எம்.சி. என்ற சிப் தயாரிப்பு நிறுவனம். இன்று உலகின் மிக நவீனமான சிப்களில் பத்தில் ஒன்பது அந்தத் தீவில் தயாராகின்றன. உங்க போனிலும் லேப்டாப்பிலும் தைவான் ஏதோ ஒரு மூலையில் இருக்கு. 2002-ல் உலக வர்த்தக அமைப்பிலும் 'தனிச் சுங்கப் பிரதேசம்' என்று சுற்றி வளைத்த ஒரு பெயரில் நுழைந்துவிட்டார்கள். பெயர் எதுவா இருந்தா என்ன, கதவு திறக்குதா என்பதுதான் அவங்க கணக்கு.

அரசியலிலும் மாறினார்கள். 38 வருஷம் ராணுவச் சட்டத்தில் இருந்த தீவு 1987-ல் அதைத் தூக்கியது. 1996-ல் மக்களே நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கிளிநொச்சியையும் தைப்பேயையும் அப்படியே தராசில் வைப்பது நியாயம் இல்லைதான். ஒன்று போருக்கு நடுவே சில வருஷ நிர்வாகம், இன்னொன்று கடலும் அமெரிக்க ஆயுதமும் காவல் நிற்கும் பல பத்தாண்டு அரசு. ஆனாலும் ஒரு விஷயம் தெளிவு. அங்கீகாரம் இல்லாத நாட்டுக்குக் கேடயம் இரண்டு. உலகத்துக்கு நீ இல்லாமல் முடியாது என்ற பொருளாதாரம் ஒன்று. உன் மக்களே உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற அரசியல் இன்னொன்று. கிளிநொச்சிக்கு இரண்டுமே வாய்க்கவில்லை.

தைவானும் நிம்மதியாக இல்லை. தனிநாடு என்று அறிவித்தால் பலத்தைப் பயன்படுத்தவும் இடம் கொடுக்கும் சட்டத்தை சீனா 2005-லேயே நிறைவேற்றி வைத்திருக்கிறது. எரிபொருள் கிட்டத்தட்ட முழுக்க இறக்குமதி. கப்பல் பாதையை மறித்தால் விளக்கு எரியாது. இன்னொரு பக்கம், அரிசோனாவில் டி.எஸ்.எம்.சி. ஆலை, குஜராத்தின் தோலேராவில் டாடாவோடு இன்னொரு தைவான் கம்பெனி, நம்ம ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் என்று தொழில் வெளியே நகர்கிறது. நமக்கு அது வேலை. அவங்களுக்கு? 'எல்லா ஆலையும் வெளியே போயிட்டா, எங்களைக் காப்பாத்த யாருக்கு என்ன அவசியம்?' என்ற கவலை தைவானில் நிஜமாகவே பேசப்படுகிறது.

பிறந்த தேதியைச் சொல்லுங்க!

சரி, மறுபடி கும்மிடிப்பூண்டி. அந்த நாடு முடிந்துபோனது. மனிதர்கள் முடிந்துபோகவில்லையே? தமிழ்நாட்டின் முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முகாமில் பிறந்து வளர்ந்து, யாழ்ப்பாணத்தைப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளைகள் உங்க காலேஜிலேயே படிக்கலாம். சென்னைத் தமிழ்தான் பேசுவாங்க. சினிமாவுக்கு விசில் அடிப்பாங்க. ஆனா கேம்பஸ் இன்டர்வியூ முடிஞ்சு 'பாஸ்போர்ட் காப்பி கொடுங்க' என்று எச்.ஆர். கேட்கும்போது அவங்க முகம் மாறும். அரசு வேலைக்கு அப்ளிகேஷனில் 'நேஷனாலிட்டி' கட்டத்தில் பேனா நிற்கும்.

சட்டம் என்ன சொல்லுது? இந்தியாவில் பிறந்தவர்களுக்குத் தேதிதான் விதி. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமகன். அதன் பிறகு 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்தவர் என்றால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கணும். அதற்கும் பின் பிறந்தவர் என்றால், பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்றால் கிடையாது.

யோசிச்சுப் பாருங்க. அப்பா முகாம்காரர், அம்மா உள்ளூர்க்காரர் என்று ஒரு வீடு. 2003-ல் பிறந்த அக்கா இந்தியப் பிரஜை. 2006-ல் பிறந்த தம்பி இல்லை. ஒரே வீடு, ஒரே சோறு. ஒருத்தருக்கு ஓட்டு உண்டு, ஒருத்தருக்கு இல்லை.

இந்தத் தேதிக் கணக்கு ஒருவருக்குக் கைகொடுத்தும் இருக்கு. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு, 2022-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்திய பாஸ்போர்ட் வழங்கச் சொன்னது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டபோது பேப்பரெல்லாம் செய்தி. 38 வயதில் முதல் ஓட்டு! 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளை எழுதியது. இலங்கை அதில் இல்லை.

தமிழக அரசு 2021-ல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 317.40 கோடி ரூபாயில் திட்டங்கள், 7,469 புது வீடுகள் என்று அறிவித்தது. மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாக உயர்ந்தது. வீடு மாநிலம் கட்டித் தரலாம். குடியுரிமையை மத்திய அரசுதான் தர முடியும்.

'ஊருக்கே திரும்பிப் போகலாமே?' என்று நீங்க கேட்கலாம். சிலர் போகிறார்கள். 2019-ல் பலாலியில் சர்வதேச விமான நிலையம், 2023-ல் நாகப்பட்டினம்-காங்கேசன்துறை கப்பல் என்று வழி திறந்திருக்கிறது. ஆனால் வடக்கு மாகாண சபைக்கு 2013-ல் நடந்த தேர்தலே முதலும் கடைசியும். 2018-ல் பதவிக்காலம் முடிந்த பிறகு ஆளுநர் ஆட்சிதான் தொடர்ந்தது. 2022-ல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது, திரும்பிப் போன சிலரும் தனுஷ்கோடிக்கு மறுபடி படகேறி வந்தார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில், தமிழ்க் கட்சிகளைத் தாண்டி தென்னிலங்கையைச் சேர்ந்த தேசிய மக்கள் சக்தி முதலிடம் பிடித்தது. தனிநாட்டுப் பேச்சை விட, வேலை, விலைவாசி, நிலம், காணாமல் போன பிள்ளை பற்றிய பதில் என்று அங்குள்ளவர்களின் பட்டியல் வேறாக நீள்கிறது.

ஆக, அங்கீகாரம் இல்லாத நாட்டுக்கு எதிர்காலம் உண்டா? தைவான் மாதிரி இருந்தால் ஓரளவு உண்டு, அதுவும் கயிற்றின் மேல் நடக்கும் எதிர்காலம். கிளிநொச்சி மாதிரி இருந்தால் இல்லை. ஆனால் நாட்டுக்கு எதிர்காலம் இல்லாமல் போனதால் அங்கே பிறந்தவனின் பேத்திக்கும் எதிர்காலம் இல்லை என்று சொல்ல எந்த மான்டிவிடியோ ஒப்பந்தத்திலும் வரி இல்லை.

ஒரு வாரக் கடைசியில் அந்த லோக்கல் பிடிச்சுப் போய்ட்டு வாங்க. திரும்பி வந்து உங்க காலேஜ் ஆபீஸில் ஒரே ஒரு விஷயம் விசாரிங்க. முகாம் மாணவர்களுக்கு ஸ்காலர்ஷிப், பிளேஸ்மென்ட் விஷயத்தில் என்ன ரூல் வெச்சிருக்காங்க? விசாரிக்க உங்களுக்கு அஞ்சு நிமிஷம். அந்தப் பதில் தேவைப்படுற ஒருத்தர் உங்க பெஞ்சுக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்.